குழிப்பந்தாட்டக் கலைச்சொற்களும் மகளிர் உறுப்பினரும்: இலக்கணப் பொதுமையும் உரிமைப் பொதுமையும்

ஆய்வுச்சுருக்கம்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்திற்குரிய தமிழ்க் கலைச்சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. இணையதளப் பயன்பாட்டிற்குரிய சொற்கள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன. இவ்விரு தொகுதிகளும் ஒருசேரத் தேவைப்படும் இடம் மகளிர் குழிப்பந்தாட்டச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்கு அளிக்கும் சொற்பட்டியலாகும். அத்தகைய பட்டியல் தமிழில் அமையுமாயின் எழும் சிக்கல்களை இக்கட்டுரை திறனாய்கிறது. தமிழின் ‘அர்’ ஈறு பாற்பொதுமையை எளிதாகத் தருகிறது; ஆயினும் அப்பொதுமை உறுப்பினர் உரிமையைத் தானே பெற்றுத்தராது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குழிப்பந்தாட்டம், கலைச்சொல்லாக்கம், பாற்பொதுமை, உறுப்பினர், இசைவு, இணையதள விதிமுறை.

முன்னுரை

2021 ஆகஸ்ட் 7 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்றில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். நான்கு நாள்களில் அவர் ஆடிய அடிகள் 269. ஓரடி குறைந்திருந்தால் வெண்கலத்திற்கான போட்டியில் அவரும் நின்றிருப்பார். அன்று காலை தொலைக்காட்சிமுன் அமர்ந்த தமிழர் பலர் அவ்வாட்டத்தை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். ஆட்டம் புரிந்த அளவிற்கு அதன் சொற்கள் புரியவில்லை. ‘போகி’ என்று செவியில் விழுந்த சொல் தைப்பொங்கலுக்கு முந்தைய நாளை நினைவூட்டியது. ‘பார்’ என்பது ஏவல்வினையாக ஒலித்தது.

இந்தியாவிற்குக் குழிப்பந்தாட்டம் புதியதன்று. ராயல் கல்கத்தா கோல்ஃப் கழகம் 1829-இல் தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் கொடைக்கானல் கோல்ஃப் கழகம் 1895-இல் தோன்றியது. இவ்வளவு நெடுங்காலம் இம்மண்ணில் ஆடப்பெற்ற ஓர் ஆட்டம் தமிழில் தனக்கெனச் சொற்களைப் பெறாமைக்குக் காரணம், அதன் உறுப்பினர்கள் ஆங்கிலத்திலேயே எழுதினர், படித்தனர் என்பதேயாம். இன்று நிலை மாறிவருகிறது. இந்திய மகளிர் கோல்ஃப் சங்கம் தொழில்முறை ஆட்டத் தொடர்களை நடத்துகிறது. உறுப்பினர் பதிவு, ஆட்ட நேர முன்பதிவு, அடிக்கணக்கு ஆகியன இணையத்தின்வழி நடைபெறும் காலம் இது. எனவே ஆட்டச் சொல்லும் இணையச் சொல்லும் ஒரே பட்டியலில் இடம்பெறவேண்டியுள்ளன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் காணும் முயற்சியில் அடிகள் காட்டிய அக்கறையை விளையாட்டுத் துறைக்கும் விரித்தல் தகும்.

பெயரும் சொற்பிறப்பும்

‘கோல்ஃப்’ என்னும் ஒலிபெயர்ப்பு நாளிதழ்களில் வழங்குகிறது. ‘குழிப்பந்தாட்டம்’ என்னும் ஆக்கம் தமிழ் விக்கிப்பீடியாவில் தலைப்பாக இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டனுள் பின்னது ஆட்டத்தின் இயல்பை விளக்குவதால் ஏற்புடையது. அடிப்போரை விட்டு, பந்தையும் குழியையும் முன்னிறுத்துவதால் அப்பெயரில் பால்வேறுபாட்டிற்கு இடமில்லை.

இப்பெயரின் மூலம் குறித்து இரு பிழையான கருத்துகள் எளிதில் தோன்றக்கூடும். முதலாவது, ‘கோல்’ என்னும் தமிழ்ச்சொல்லே ‘கோல்ஃப்’ ஆயிற்று என்பது. தடியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லோடு இதனை அறிஞர் தொடர்புபடுத்துவர். தமிழ்க் ‘கோலுடன்’ காணும் ஒற்றுமை தற்செயலானது. ஒலியொப்புமையை மட்டும் சான்றாகக் கொள்ளுதல் சொற்பிறப்பியல் நெறியாகாது. இரண்டாவது, ஆடவர்க்கு மட்டுமே உரியது, மகளிர்க்குத் தடை என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் இப்பெயர் அமைந்தது என்னும் வழக்கு. 1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடைசெய்த சட்டத்திலேயே இச்சொல் உள்ளது. முதலெழுத்துச் சொல்லாக்கம் பிற்கால வழக்கு. ஆயினும் இக்கட்டுக்கதை பரவியதற்குக் காரணம் உண்டு. சொல்லில் இல்லாத தடை கழகங்களின் நடைமுறையில் இருந்தது.

ஒலிபெயர்ப்பின் இடர்கள்

ஒலிபெயர்ப்பு எளிது, ஆயினும் தமிழில் முன்பே உள்ள சொற்களோடு அது மோதும்போது பொருள் மயங்குகிறது. மூன்று சான்றுகள் போதுமானவை.

முதலாவது ‘டீ’. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கப்படும் இடமும், பந்தைத் தாங்கும் சிறு முளையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்பெறும். தமிழில் ‘டீ’ என்பது தேநீர். ‘டீ நேரம் முன்பதிவு செய்க’ என்னும் இணையதள அறிவிப்பைக் காணும் புதிய உறுப்பினர் சிற்றுண்டிச் சாலையையே எண்ணுவார். இடத்தைத் ‘தொடக்கத் திடல்’ என்றும், முளையைப் ‘பந்துமுளை’ என்றும், நேரத்தை ‘ஆட்டத் தொடக்க நேரம்’ என்றும் பிரித்து வழங்கினால் மயக்கம் நீங்கும்.

இரண்டாவது ‘கேடி’. ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமந்து, களத்தின் இயல்பறிந்து அறிவுரை கூறுபவர் இவ்வாறு அழைக்கப்படுகிறார். தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘கேடி’ என்பது காவல்துறைக் குறிப்பேட்டிலிருந்து வந்த வசைச்சொல். உழைப்பாளர் ஒருவரை இச்சொல்லால் அழைப்பது, ஒலிபெயர்ப்பு என்னும் பெயரில் நிகழும் இழிவாகும். 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற அலி ஷேர், 2009-இல் அதே பட்டம் வென்ற முனியப்பா ஆகியோர் இப்பணியிலிருந்து உயர்ந்தவர்கள். ‘ஆட்டத் துணையாளர்’ என்பது பொருந்தும். ‘துணைவர்’ என்பது வாழ்க்கைத்துணையைக் குறித்தலின் தவிர்க்கத்தக்கது.

மூன்றாவது ஒலிபெயர்ப்பன்று, தவறான இணைச்சொல். அடிகளைக் குறித்துவைக்கும் அட்டையை ‘மதிப்பெண் அட்டை’ எனலாமா? தமிழில் மதிப்பெண் மிகுதல் சிறப்பு. இவ்வாட்டத்திலோ எண்ணிக்கை குறைதலே சிறப்பு. ஆதலின் ‘அடிக்கணக்கு அட்டை’ என்பதே சரியான பெயர். ‘பார்’ என்பதற்கும் இம்முறையில் ‘இலக்கடி’ எனலாம். ஒரு குழியைத் திறன்மிக்க ஆட்டக்காரர் இத்தனை அடிகளில் முடிப்பார் என எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை அது. ‘பேர்டி’, ‘ஈகிள்’ முதலிய பறவைப் பெயர்களை ‘இலக்கினும் ஒன்று குறைவு’, ‘இலக்கினும் இரண்டு குறைவு’ என்று விளக்கி, பெயர்களை அவ்வாறே விட்டுவிடலாம். அவை உலகப் பொதுவழக்கு. தமிழில் எதனோடும் மோதுவதில்லை.

‘குழி’, ‘அடி’: தமிழ்ச்சொற்களின் வலிமையும் எல்லையும்

ஆங்கிலத்தில் ‘ஹோல்’ என்பதற்கு இவ்வாட்டத்தில் இருபொருள். ஒன்று, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. மற்றொன்று, தொடக்கத் திடல் முதல் அத்துளை வரையுள்ள முழு நிலப்பரப்பு. ‘18 குழிக் களம்’ என்னும்போது பின்னைய பொருளே கருதப்படுகிறது. இருபொருளையும் ஒரு தமிழ்ச்சொல் தாங்குமா என்னும் ஐயத்திற்கு நம் உழவர் வழக்கே விடையளிக்கிறது. காவிரிப் பாசன ஊர்களில் ‘குழி’ என்பது பள்ளத்தையும் குறிக்கும். நில அளவையும் குறிக்கும். நூறு குழி கொண்டது ஒரு மா. சிதம்பரம் வட்டாரத்து உழவருக்குக் ‘குழி’ நிலப்பரப்பைக் குறித்தல் புதிதன்று. பல்லாங்குழி ஆடும் பெண்களுக்கும் குழி ஆட்டத்தின் அலகாதல் புதிதன்று. எனவே ‘குழி’ நன்கு பொருந்திய சொல்.

ஆயினும் அதனைப் பேணுதல் வேண்டும். ஆட்டக்காரரைத் தடுக்கும் மணல் நிறைந்த பள்ளத்தை ‘மணற்குழி’ என்று மொழிபெயர்த்தால், சேரவேண்டிய இடமும் தவிர்க்கவேண்டிய இடமும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்ளும். ‘மணற்பள்ளம்’ என்றால் இச்சிக்கல் இல்லை.

‘அடி’ என்பதிலும் கவனம் தேவை. அடித்தலும் அடி, நீள அளவும் அடி. ‘மூன்று அடியில் முடித்தார்’ என்னும் தொடர் மூன்று முறை அடித்தார் என்றும், மூன்றடித் தொலைவில் முடித்தார் என்றும் பொருள்படும். நீள அளவை மீட்டரிலோ கெஜத்திலோ குறிப்பது என வரையறுத்துக்கொண்டால் ‘அடி’ அடித்தலுக்கு மட்டுமே உரியதாகிவிடும். கலைச்சொற்பட்டியல் என்பது தனித்தனிச் சொற்களின் தொகுப்பன்று. ஒன்றையொன்று வரையறுக்கும் ஒழுங்கமைப்பு என்பதனை இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

சமன் எண்

திறன் வேறுபட்ட இருவர் சமநிலையில் போட்டியிடக் கணக்கிடப்படும் எண்ணை ஆங்கிலத்தில் ‘ஹேண்டிகேப்’ என்பர். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் ‘ஊனம்’, ‘குறைபாடு’ என்னும் பொருள்களே கிடைக்கும். அவை தவறு மட்டுமல்ல, புண்படுத்துவனவும் ஆகும். ‘சலுகை எண்’ என்பதும் பொருந்தாது. கருணையால் தரப்படுவது என்னும் குறிப்பு அதில் உண்டு. உண்மையில் இது கணக்கு. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுமுறையின்படி, ஒருவரின் அண்மைய 20 சுற்றுகளுள் சிறந்த எட்டின் சராசரியே இதற்கு அடிப்படை. களத்தின் கடுமையும் கணக்கில் சேர்க்கப்படும். பெரும உச்சவரம்பு 54. இது ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒன்றே. செயலை நோக்கின் ‘சமன் எண்’ என்பதே தக்க பெயர்.

இச்சொல்லின் வரலாற்றில் மகளிர் பங்கு குறிப்பிடத்தக்கது. 1893-இல் பிரிட்டனில் தோன்றிய சீமாட்டியர் கோல்ஃப் ஒன்றியம், அதன் செயலர் இசெட் பியர்சனின் முயற்சியால், பல கழகத்துப் பெண்களையும் ஒரே அளவுகோலால் கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. விதி வகுக்கும் கழகங்களில் இடம்பெறாத பெண்கள், தம் ஆட்டத்தை அளக்கும் முறையைத் தாமே ஆக்கிக்கொண்டனர். ஆகவே மகளிர் சங்கம் ஒன்று தனக்கெனச் சொற்பட்டியல் ஆக்குதல் அம்மரபின் தொடர்ச்சியே.

இங்கு ‘சீமாட்டியர் திடல்’ என்னும் வழக்கையும் நோக்கவேண்டும். குழிக்கு அண்மையில் உள்ள தொடக்கத் திடலைப் பெண்களுக்குரியது எனப் பெயரிடுவது நெடுநாள் வழக்கு. எந்தத் திடலிலிருந்தும் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே களக்கடுமையைக் கணக்கிட இன்றைய முறை இடந்தருகிறது. முதியவரும் சிறுவரும் முன் திடலில் ஆடுகின்றனர். திறன்மிக்க பெண்கள் பின் திடலில் ஆடுகின்றனர். ஆதலால் தமிழில் ‘பெண்கள் திடல்’ என்று புதிதாக ஆக்காமல், ‘முன் திடல்’, ‘பின் திடல்’ என்றோ நிறத்தாலோ பெயரிடுதல் நன்று. ஆங்கிலம் கைவிட்டுவரும் பிழையைத் தமிழ் புதிதாகத் தொடங்கவேண்டியதில்லை.

ஆட்டக்காரரைக் குறிக்கும் சொற்கள்

விளையாட்டுச் செய்திகளில் ‘வீரர்’, ‘வீராங்கனை’ என்னும் இணை வழங்குகிறது. ‘வீரர்’ உயர்வுப்பன்மை ஈறு பெற்றுப் பாற்பொதுவாக நிற்கத்தக்க சொல். ‘அங்கனை’ என்னும் வடசொல்லைச் சேர்த்துப் பெண்பாற் சொல்லைத் தனியே அமைத்ததும், ‘வீரர்’ ஆண்பாலுக்கு ஒதுங்கிவிட்டது. பொதுச்சொல்லின் பொதுமையைத் தனிச்சொல் குறைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பெயரியலில், ‘ஒருவர்’ என்னும் சொல் இருபாலுக்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொண்டு முடியும் என்றும் கூறப்பட்டுள்ளது. ஆங்கில விதிநூல்கள் ஆண்பாற் சுட்டை எழுதிவிட்டு, அது இருபாலையும் குறிக்கும் எனத் தனிக்குறிப்பு வரைய நேர்ந்தது. தமிழுக்கு அக்குறிப்புத் தேவையில்லை. ‘ஆட்டக்காரர் தம் பந்தை ஆடுவார்’ என்னும் தொடரில் எப்பாலும் அடங்கும்.

ஆனால் ‘ஆட்டக்காரர்’ என்பதன் பெண்பால் வடிவமாகிய ‘ஆட்டக்காரி’ பேச்சுவழக்கில் இகழ்ச்சிப் பொருளும் பெற்றுள்ளது. ‘அர்’ ஈற்று வடிவத்தையே எங்கும் கையாண்டால் இவ்விடர் எழாது. சங்கத்தின் பெயரில் மட்டும் பாற்சொல் தேவைப்படுகிறது. 1917-இல் அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் காலத்து வழக்கு ‘மாதர்’. இன்றைய வழக்கு ‘மகளிர்’. ஆங்கிலத்தில் ‘சீமாட்டி’ என்னும் வகுப்புக் குறிப்புடைய சொல்லிலிருந்து பொதுச்சொல்லுக்கு மாற நேர்ந்தது. ‘மகளிர்’ என்பதில் அத்தகைய வகுப்புக் குறிப்பு இல்லை.

‘உறுப்பினர்’ என்னும் சொல்லின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால் தமிழ் இலக்கணம் இத்துறைக்கு நன்கு துணைபுரிகிறது என்பது பெறப்படும். அதனோடு நின்றுவிடின் ஆய்வு முழுமையாகாது. அதிதி அசோக் நான்காம் இடம் பெற்ற களத்தையே மீண்டும் நோக்குவோம். அது ஜப்பானின் கசுமிகசேகி கழகத்திற்குரியது. அக்கழகத்தில் 2017 மார்ச் வரை பெண்கள் முழு உறுப்பினராக இயலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடவும் தடையிருந்தது. ஒலிம்பிக் குழுவின் அழுத்தத்திற்குப் பின்னரே விதி மாறியது. ஜப்பானிய மொழிப் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணப் பால் இல்லை. ‘உறுப்பினர்’ என்பதற்கு அங்கு வழங்கும் சொல்லும் பாற்பொதுவானதே. சொல் பொதுவாயிருந்தும் உரிமை பொதுவாகவில்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் 1754 முதல் இயங்கும் ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கழகம், உலக விதிகளை நெடுங்காலம் வகுத்துவந்தது. அது பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014 செப்டம்பரில். பெண்கள் பின்பற்றவேண்டிய விதிகளைப் பெண்கள் இல்லாத அவை எழுதிவந்தது என்பது இதன் பொருள்.

எனவே தமிழ்ச் சொற்பட்டியலில் ‘உறுப்பினர்’ என்பதற்கு நேராக ‘சங்கத்தில் சேர்ந்தவர்’ என்று பொருள் எழுதினால் போதாது. வாக்குரிமை உண்டா, எந்நாளும் களத்தைப் பயன்படுத்தலாமா, பொறுப்புகளுக்குப் போட்டியிடலாமா, கணவரின் உறுப்புரிமையைச் சார்ந்து நிற்பதா, தனித்து நிற்பதா என்பன வரையறையில் இடம்பெறவேண்டும். ‘முழு உறுப்பினர்’, ‘இணை உறுப்பினர்’, ‘சார்பு உறுப்பினர்’ ஆகிய தொடர்களின் அடைமொழியிலேயே உரிமையின் அளவு மறைந்துள்ளது. பாற்பொதுவான சொல் பாகுபாட்டை நீக்கவும் கூடும், மறைக்கவும் கூடும். வரையறையே அதனை முடிவுசெய்கிறது.

இணையதளச் சொற்களும் இசைவும்

‘கடவுச்சொல்’, ‘பயனர்’, ‘உலாவி’ முதலியன இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவருக்கும் தெரிந்தவை. ‘புகுபதிகை’, ‘உள்நுழைவு’ என்னும் இரண்டனுள் பின்னது எளிமையால் வென்றுவருகிறது. இச்சொற்கள் நிலைபெற்றமைக்குக் காரணம், நாள்தோறும் மக்கள் அவற்றைத் திரையில் கண்டு பயன்படுத்துவதே. குழிப்பந்தாட்டச் சொற்களும் ஓர் உறுப்பினரின் திரையில் நாள்தோறும் தோன்றினாலன்றி நிலைபெறமாட்டா.

‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்னும் கட்டத்தில் குறியிடும் இடமே இவற்றுள் இன்றியமையாதது. உறுப்பினரின் பெயர், பிறந்தநாள், சமன் எண், ஆட்ட நேரம் ஆகியன சங்கத்திடம் சேர்கின்றன. எந்த நாளில் எந்த நேரத்தில் ஒரு பெண் எங்கிருப்பார் என்னும் செய்தி அதில் உள்ளது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய தரவைப் பெறுமுன் தரப்படும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் தெரிவை அளிக்கவேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஆகவே தமிழ்க் கலைச்சொல் இங்கு விருப்பத்தைக் கடந்து உரிமையோடு தொடர்புறுகிறது.

அச்சட்டம் வேண்டுவது தன்னுரிமையோடு, அறிந்து, ஐயமின்றித் தரப்படும் உடன்பாடு. அதனைத் ‘ஒப்புதல்’ என்று பெயர்ப்பதே பெருவழக்கு. ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் வழக்கில் அச்சொல் குற்றத்தை ஏற்றலையும் குறிக்கும். ‘அரசின் ஒப்புதல்’ என்னும்போது மேலிருந்து வரும் அனுமதியைக் குறிக்கும். விரும்பி உடன்படுதலையும், விரும்பாதபோது விலகுதலையும் ஒருங்கே உணர்த்த ‘இசைவு’ ஏற்றது. இசைவைத் திரும்பப் பெறும் உரிமையையும் அச்சட்டம் வழங்குதல் நோக்கத்தக்கது.

அதே சட்டத்தின் ஆங்கில மூலம் தனிநபரைப் பெண்பாற் சுட்டால் குறித்து, அச்சுட்டு எப்பாலினரையும் தழுவும் என வரையறுக்கிறது. ஆண்பாற் சொல் பெண்பாலையும் குறிக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுப்பிரிவுகள் சட்டம் கூறியதற்கு இது எதிர்த்திசை. தமிழில் இதனை ‘அவள்’ என்றால் மதிப்புக் குறையும். ‘அவர்’ என்றால் பெண்ணை முன்னிறுத்திய அம்மாற்றம் கண்ணுக்குத் தெரியாது போகும். ‘அவர்’ என்றே எழுதி, பெண் உறுப்பினரின் உரிமைகளை வரையறைப் பகுதியில் வெளிப்படையாகக் கூறுவதே தமிழ் விதிமுறைக்கு ஏற்ற வழி.

முடிவுரை

சிலரே ஆடும் ஆட்டத்திற்குத் தமிழ்ச்சொற்கள் எதற்கு என வினவலாம். ஆடுவோர் சிலராயினும் களத்தில் புல் வெட்டுவோரும் மட்டைப்பை சுமப்போரும் உண்டு. அவர்கள் தமக்குள் வழங்கும் சொற்களைக் களப்பணியால் தொகுத்தபின்னரே எந்தப் பட்டியலும் இறுதிபெறல் வேண்டும். இக்கட்டுரை முன்மொழிந்த தொடக்கத் திடல், பந்துமுளை, இலக்கடி, சமன் எண், மணற்பள்ளம், அடிக்கணக்கு அட்டை, ஆட்டத் துணையாளர் ஆகியன அத்தொகுப்போடு ஒப்பிட்டுத் திருத்தப்படவேண்டியவை.

பாற்பொதுமையைத் தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே வழங்கியுள்ளது. அது பெருமைக்குரியது. ஆயினும் ‘உறுப்பினர்’ என்னும் சொல்லுக்குள் யார் யார், எவ்வெவ்வுரிமையோடு அடங்குவர் என்பதை இலக்கணம் கூறாது. சங்கத்தின் விதியே கூறவேண்டும். அவ்விதியைப் பெண்கள் தம் மொழியில் படித்து, பொருள் உணர்ந்து, இசைவு தரவோ மறுக்கவோ இயலும் நிலையை உருவாக்குவதே கலைச்சொல்லாக்கத்தின் பயனாகும்.